முப்பது விநாடியும் ஒரு குண்டா சுண்டலும்

பீர்மேட்டிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏறினால் வரும் ஒரு டீ பேக்டரியில், ஆயுத பூஜை அன்று ஒரு வேடிக்கை நடக்கும். ஸ்பேனர், சுத்தியல், ஏணி என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வரும் காளிச்சாமி, கடைசியாக ஓர் ஆளின் முன்னால் வந்து நிற்பார். அந்த ஆள் சட்டையைத் தூக்குவார். அரைஞாண்கயிற்றில் ஒரு சின்னச் சாவி தொங்கும். அதற்குப் பொட்டு வைத்து, சூடத்தட்டை அவருடைய தொந்திக்கு நேராக மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் காளிச்சாமி நகர்வார். சாவியைக் கழற்றித் தரும்படி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கிடைக்காது. சாவிக்காரர் பெயர் மொக்கையன், பேனல் ரூம் எலக்ட்ரீசியன். அந்த மலையிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கியவர்.

அவருடைய பயத்தை முழுதாகச் சொல்லப் பொழுது போதாது. குமுளி ஜீப்பில் பள்ளத்துப் பக்கம் உட்காரமாட்டார். இரண்டு பேருக்கு நடுவில் செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அவர் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்ததும் யாரோ சரவெடியைக் கொளுத்த, மாலையும் கழுத்துமாக ஓடிப்போய் மாட்டுக்கொட்டகையில் நின்றார். பெண்வீட்டார் நாலு பேர் போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டி வந்தார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாதது யானை விஷயம். ஒரு நாள் காலை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பனிமூட்டத்துக்குள் யானை நிற்கிறது என்று யாரோ கத்தினார்கள். மொக்கையன் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மனைவி ராமலட்சுமியைத் தாண்டிக் குதித்து, பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறிவிட்டார். பனி விலகியதும் பார்த்தால், அது பஞ்சாயத்துக்காரர்கள் இறக்கி வைத்துவிட்டுப் போன கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. லயமே சிரித்தது. ராமலட்சுமியும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் பதினோரு வருஷமாக, வீட்டில் எந்தச் சண்டை எதில் ஆரம்பித்தாலும் அந்தத் தொட்டியில் வந்துதான் முடியும். கொழுந்து கிள்ளும் இடத்தில் மற்ற பெண்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான்.

“எங்க வீட்டு மனுசன் ஓடுறதுக்குன்னே பொறந்தது. கூட வர்றவ இருக்காளா செத்தாளான்னு திரும்பிப் பாக்காது.”

கேட்டால் மொக்கையனே ஆமாம் என்பார். நடந்தது அதுதானே.

இப்படிப்பட்டவர் எப்படிக் கரண்டில் வேலை பார்க்கிறார் என்று கேட்கலாம். பயந்துகொண்டேதான். ஒரு மின்விளக்கை மாற்றவேண்டுமென்றால்கூட மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, டெஸ்டர் சரியாக வேலை செய்கிறதா என்று இன்னொரு டெஸ்டர் வைத்துப் பார்த்து, பிறகுதான் கை வைப்பார். அவரோடு மாறி மாறி ஷிப்ட் பார்க்கும் காளிச்சாமி தைரியசாலி. ஈரக்கையோடு பியூஸ் போடுவார். அவர் உடம்பில் கரண்ட் சுட்ட தழும்பு மூன்று இருக்கிறது, மூன்றையும் பெருமையாகக் காட்டுவார். இருபத்தேழு வருஷத்தில் மொக்கையன் உடம்பில் ஒன்றும் இல்லை. அவருக்குக் காட்ட எதுவும் இல்லாததால் ஊர் காளிச்சாமியைத்தான் பெரிய எலக்ட்ரீசியன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பேனல் ரூம் என்பது பேக்டரி முழுவதற்கும் கரண்டைப் பங்கு வைக்கும் அறை. ஆள் உயரத்துக்கு இரும்பு அலமாரிகள் இரண்டு வரிசை. மழைக்காலத்தில் அந்த மலையில் எந்தத் துணியும் காயாது, ஈரமே இல்லாத ஒரே இடம் அந்த அறைதான். ஆகவே பிள்ளைகளின் யூனிபாரம் எல்லாம் பேனல்களுக்கு நடுவே கொடி கட்டித்தான் காய்ந்தன. தீப்பிடித்தால் அணைப்பதற்கென்று இரண்டு மணல் வாளிகள் உண்டு. அவற்றைப் பூனைகள் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தி வந்தன.

ஒரு நாள் ஒரு பேனல் நிஜமாகவே எரிந்தது. நாலு யூனிபாரம் போயிற்று. அதோடு கம்பெனி விழித்துக்கொண்டு, மழை வலுக்கும் முன் அந்த அறைக்குத் தீயணைக்கும் கேஸ் வைத்தது. ஆறு சிவப்பு சிலிண்டர்கள், கூரையில் குழாய், புகையை மோப்பம் பிடிக்க இரண்டு வட்டப் பெட்டிகள், ஒரு சைரன். அதை விளக்கிச் சொல்லக் கொச்சியிலிருந்து ஜிபி என்று ஒரு பெண் இன்ஜினீயர் வந்தார். வடையும் டீயும் உண்டு என்பதால் கூட்டம் நன்றாகவே வந்தது. வடை தீர்ந்த பிறகு கேட்டுக்கொண்டிருந்தவர் மொக்கையன் ஒருவர்தான்.

கரண்ட் சாமான்மேல் தண்ணீர் ஊற்ற முடியாது, அதனால் இந்த கேஸ் என்றார் ஜிபி. மோப்பப் பெட்டி இரண்டும் புகையைப் பிடித்துவிட்டால் சைரன் அலறும். அலறி முப்பது விநாடியில் சிலிண்டர் திறந்துகொள்ளும். அதற்குள் ஆட்கள் வெளியேறிக் கதவைச் சாத்திவிட வேண்டும். தீ அணைந்துவிடும். ஆள் உள்ளே இருந்தால் என்னவாகும் என்று மொக்கையன் கேட்டார். ஜிபி மலையாளமும் தமிழும் கலந்து பதில் சொன்னார்.

“சேட்டா, தீயும் மனுஷனும் குடிக்கறது ஒரே காத்துதான். இந்த கேஸ் வந்து அந்தக் காத்தைத் தள்ளி விஷம் மாதிரி நிறையும். தீ சாகும். ஆள் உள்ள நின்னா ஆளும் சாகும்.”

விழுந்தவனைத் தூக்கப் போகிறவனும் பக்கத்திலேயே விழுவான் என்றும் சொன்னார். அதற்காகத்தான் கதவுக்கு வெளியே ஒரு பூட்டு. அறைக்குள் ஆள் போகும்முன் சாவியைத் திருப்பி, உருவிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கதவுக்கு மேலே இருக்கும் விளக்குப் பச்சையாகும், கேஸ் தூங்கும். வேலை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபின் திரும்பத் திருப்பினால் விளக்குச் சிவப்பாகும், கேஸ் விழித்துக்கொள்ளும். இவ்வளவுதான் பாடம்.

மொக்கையன் அன்றே வேலையில் இறங்கினார். சாவியை அரைஞாண்கயிற்றில் கட்டிக்கொண்டார். துணிக்கொடியை அறுத்து எறிந்தார். லயத்துப் பெண்கள் ஈரத் துணியோடு வந்து திட்டியதை வாங்கிக்கொண்டார். பிறகு ஒத்திகை ஆரம்பமாயிற்று. சாவியைத் திருப்பிவிட்டு அறையின் கோடி மூலையில் நின்று, ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே கதவுக்கு ஓடுவார். முதல் நாள் பதினாலு விநாடி. ஒரு வாரத்தில் ஏழு. இதைப் பார்க்கவென்றே டீ வேளையில் கூட்டம் கூடியது. காளிச்சாமி விசில் அடித்து ஓட்டத்தைத் துவக்கி வைத்தார்.

ஆடியில் அந்த சோடா விவகாரம் நடந்தது. மொக்கையன் பேனல் ரூம் வாசலில் நின்றிருந்தபோது உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. “கேஸ், கேஸ்” என்று கத்திக்கொண்டு ஓடினார். நாற்பது பேர் வேலையைப் போட்டுவிட்டு மழைக்குள் போய் நின்றார்கள். டிரையரில் இருந்த தேயிலை கருகிப் போயிற்று. சத்தம் வந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் காளிச்சாமி உடைத்த சோடா பாட்டிலிலிருந்து.

பேக்டரியை நடத்தும் அதிகாரிக்கு டீ மேக்கர் என்று பெயர். அப்போதைய டீ மேக்கர் மோகனசுந்தரம், பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். யாரைத் திட்டினாலும் மரியாதையோடுதான் திட்டுவார்.

“ஏனுங்க மொக்கையன், ஒரு சோடாவுக்கு ஒரு டிரையர் தூளுங்களா? இன்னொருக்கா இப்படி ஆள வெளிய முடுக்குனீங்கன்னா, உங்கள வெறகு ஷெட்டுக்கு மாத்திப்போடுவேனுங்க.”

விறகு ஷெட் என்றால் நாள் முழுக்க மழையில் கட்டை சுமப்பது. இருபத்தேழு வருஷ எலக்ட்ரீசியனுக்கு அதைவிட அவமானம் வேண்டியதில்லை. மொக்கையன் அதற்குப் பிறகு வாயைக் கட்டிப்போட்டார். சாவியை மட்டும் விடவில்லை. ஷிப்ட் முடிந்து காளிச்சாமியிடம் கொடுக்கும்போதும், நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்.

ஆயுத பூஜை வந்தது. அந்த பேக்டரியில் பூஜை நடக்கும் இடம் என்றைக்கும் பேனல் ரூம்தான், கரண்டுதான் எல்லா மெஷினுக்கும் உயிர் என்பது கணக்கு. பூசாரியும் என்றைக்கும் காளிச்சாமிதான். மொக்கையன் காலையில் சாவியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆள் நுழையும்முன் பூட்டைத் திருப்பு, சாவியைப் பையில் வை என்று மூன்று தடவை சொல்லிவிட்டுக் குளிக்க வீட்டுக்குப் போனார். ராமலட்சுமி சுண்டலோடு முன்னால் கிளம்பிவிட்டாள். பூஜைச் சுண்டல் வருஷா வருஷம் அவள் பொறுப்பு. தேங்காய்த் துருவலும் இஞ்சியும் மாங்காயும் போட்டு ஒரு பெரிய குண்டா நிறையச் செய்வாள். படைக்கும்முன் ஒரு கடலையைத் தொட்டாலும் கையை ஒடித்துவிடுவாள்.

மொக்கையன் பட்டுக்கரை வேட்டியில் வந்து சேர்ந்தபோது அறைக்குள் ஆள் நிறைந்திருந்தது. வாசலில் செருப்புக் குவியல். கதவுக்கு மேலே பார்த்தார். விளக்குச் சிவப்பாக எரிந்தது.

சாவி எங்கே என்று காளிச்சாமியைக் கேட்டார். காளிச்சாமி சந்தோஷமாகக் கையை நீட்டிக் காட்டினார். சாமி படத்துக்கு முன்னால் வாழை இலையில் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டெஸ்டர் எல்லாம் வரிசையாக வைத்திருந்தது. நட்ட நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டோடு, அந்தச் சாவி இருந்தது. மொக்கையன் உயிராக நினைக்கும் சாமானாயிற்றே என்று அதற்கு மட்டும் தனியாக ஒரு செம்பருத்திப் பூவும் வைத்திருந்தார்.

ஆயுத பூஜைக்கு வைத்த பொருளை மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துப் பூஜை செய்யும்வரை யாரும் தொடக்கூடாது. இது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். மொக்கையனுக்கும் தெரியும். அவர் கேஸுக்குப் பயந்தவர் மட்டுமல்ல, சாமிக்கும் பயந்தவர். இரண்டு பயமும் ஒரே இலையில் வந்து உட்கார்ந்துகொண்டன.

அவர் கெஞ்சிப் பார்த்தார். சாவியை ஒரு நிமிஷம் எடுத்துப் பூட்டைத் திருப்பிவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறேன் என்றார். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அப்படியானால் சாம்பிராணி மட்டும் வேண்டாம், மோப்பப் பெட்டி பிடித்துக்கொள்ளும் என்றார். சாம்பிராணி இல்லாத பூஜை ஒரு பூஜையா என்றார் காளிச்சாமி. மோகனசுந்தரம் வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் நின்றிருந்தார்.

“வெச்ச சாமானத் தொடக்கூடாதுங்க மொக்கையன். எங்கூர்ல மம்பட்டியக்கூட நாளைக்குத்தானுங்க எடுப்போம்” என்றவர், குரலைத் தணித்து, “சோடா ஞாபகம் இருக்குதுங்களா?” என்றார்.

மொக்கையன் குனிந்து இலையை நோக்கிக் கையை நீட்டினார். சாவிக்கும் விரலுக்கும் ஒரு சாண் இருந்தது. அறைக் கோடியில், பேனலுக்கு முன்னால் சுண்டல் குண்டாவைக் காவல் காத்து நின்ற ராமலட்சுமி, ஊருக்கு முன்னால் மானத்தை வாங்காதே என்பதுபோல அவரைப் பார்த்தாள். கை தானாகப் பின்வாங்கிவிட்டது. அவர் போய்க் கதவோரம், வெளியேறுவதற்கு வசதியாக, ஒரு கால் நிலைப்படிமேல் இருக்க நின்றுகொண்டார்.

காளிச்சாமி அன்று சாம்பிராணியில் கஞ்சத்தனம் காட்டவில்லை. தூபக்காலை ஒவ்வொரு பேனலுக்கும் ஏந்தி, விசிறியால் விசிறிவிட்டார். முதல் வரிசை மறைந்தது. இரண்டாம் வரிசை மறைந்தது. கூரையில் முதல் மோப்பப் பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. சைரன் அலறியது.

சைரன் சத்தத்துக்குப் பெண்கள் குலவை போட்டார்கள்.

சாமியே வந்து ஊதியதுபோல அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். காளிச்சாமி சைரனுக்கு ஈடுகொடுத்து மணியை ஓங்கி அடித்தார். “ஓடுங்க, ஓடுங்க” என்று மொக்கையன் கத்தினார். நாலு மாதமாக அவர் ஓடுவதைப் பார்த்துப் பழகியவர்கள் ஆயிற்றே, திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் மனசுக்குள் எண்ணிக்கை தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஆறு. ஏழு. இடது கால் ஏற்கனவே வெளியே இருந்தது. வலது காலை எடுத்து வைத்தால் போதும். அதற்குத்தானே இத்தனை நாள் ஒத்திகை.

ஒன்பது என்று எண்ணும்போது மொக்கையன் உள்ளே ஓடினார்.

ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கோடி மூலைக்குப் போனார். ராமலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்தார். சனியனே, பூஜை நடக்குது என்று அவள் கையை உதறினாள். பதினாலு. இவளை இழுத்துக்கொண்டு போக முடியாது, தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. மொக்கையன் அவளை விட்டுவிட்டுக் குண்டாவைத் தூக்கினார். தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு கதவை நோக்கி ஓட்டம் பிடித்தார்.

படைக்காத சுண்டல். ராமலட்சுமி ஒரு கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். படையலில் முதல் பங்கு பூசாரிக்கு என்பதால் காளிச்சாமி மணியும் கையுமாக அவளையும் முந்திக்கொண்டு ஓடினார். மற்றவர்கள், காலையிலிருந்து வாசனை பிடித்து விரதத்தோடு நின்றவர்கள், “பிடி, பிடி” என்று மொத்தமாகக் கிளம்பினார்கள். இருபத்து மூன்று பேர் அந்தக் கதவில் அவ்வளவு வேகமாக எந்தக் காலத்திலும் வெளியேறியதில்லை.

மோகனசுந்தரம் மட்டும் நடந்து வந்தார். அதிகாரி சுண்டலுக்காக ஓட முடியுமா? வெளித் தாழ்வாரத்தில் குண்டாவை இறக்கிவிட்டுத் தலை எண்ணிய மொக்கையனுக்கு ஒன்று குறைந்தது. விநாடி இருபத்தாறு. திரும்பப் பாய்ந்து அவர் கையைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்து, கதவை அறைந்து சாத்தினார். டீ மேக்கரின் வேட்டி கதவில் மாட்டிக்கொண்டது. மொக்கையன் நிற்கவில்லை. வேட்டி அங்கேயே நின்றது, டீ மேக்கர் மட்டும் அரைக்கால் டிரவுசரோடு முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது உள்ளே சிலிண்டர் திறந்தது.

அருவியைப் பக்கத்தில் நின்று கேட்பதுபோல ஓர் இரைச்சல். முற்றத்துப் பக்கம் பேனல் ரூமுக்குத் திறக்க முடியாத ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அதில் வெள்ளையாக எதுவோ முட்டி மோதியது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து வெண்மை கீழே படிந்தது. சாமி படம் தெரிந்தது. குத்துவிளக்குத் தெரிந்தது. ஐந்து திரியில் ஒன்றுகூட எரியவில்லை. தூபக்காலில் கனல் இல்லை. எண்ணெய் அப்படியே இருந்தது, காற்றும் அடிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

காளிச்சாமிதான் முதலில் அசைந்தார். பூஜை நடுவில் விளக்கு அணைந்தது அபசகுனம், ஓடிப்போய் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். மொக்கையன் குறுக்கே போய் நின்றார். வாழ்நாளில் யாருக்கும் குறுக்கே நின்றிராத மனிதர்.

“அஞ்சு திரிக்குக் கிடைக்காத காத்து, ஒனக்கு மட்டும் எங்கிருந்துய்யா கிடைக்கும்?”

காளிச்சாமி தீப்பெட்டியைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார்.

ஜிபிக்குப் போன் போட்டார்கள். மறுநாள் தான் கருவியோடு வந்து காற்றைச் சோதித்துப் பார்க்கும்வரை யாரும் அந்தக் கதவுப் பக்கமே போகக்கூடாது என்றார். செருப்புகள் எல்லாம் அந்தக் கதவுப் பக்கம்தான் கிடந்தன. ஆகவே பேக்டரி முழுவதும் வெறுங்காலோடு அட்டைக்கடி வாங்கிக்கொண்டே வீட்டுக்கு நடந்தது. மோகனசுந்தரம் மொக்கையனின் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கூப்பிவிட்டுப் போனார். விறகு ஷெட்டைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே இல்லை. சாவி ஆயுதம் அல்ல, அதைப் பூஜையில் வைக்கக்கூடாது என்று அடுத்த வாரம் போர்டில் எழுதிப்போட்டார். பூஜையும் முற்றத்துக்கு இடம் மாறியது.

அன்று மொக்கையனும் ராமலட்சுமியும் காலிக் குண்டாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு நடந்தார்கள். சுண்டலை முற்றத்திலேயே கொடுத்து முடித்திருந்தார்கள். முதல் பங்கை அவள் பூசாரிக்குக் கொடுக்காமல் மொக்கையன் கையில்தான் வைத்தாள். பாதி வழியில் அவர் மனசு தாங்காமல் ஒப்புக்கொண்டார்.

“சாவிய அப்பவே எடுத்திருக்கணும். ஒரு சாண்தான் இருந்துச்சு. பயந்துட்டேன்.”

ராமலட்சுமி நின்றாள். குண்டாவும் நின்றது.

“அது கெடக்கு. ஒரு காலு வெளிய வச்சுட்டயில்ல. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். பெறகு என்னத்துக்குய்யா உள்ள வந்த?”

மொக்கையன் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்லவும் அவருக்குப் பயம்.

“நீ உள்ள நின்னயே” என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். குண்டாவின் காதை விடவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனையோ சண்டை நடந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிப் பேச்சு மட்டும் எதிலும் வரவில்லை.